கண் வரைந்த மீன்

என்னையும் கூட்டிக்கொண்டு போக அண்ணன் சம்மதித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லை தாண்டிக் கல் வாங்கப் போகும்போது அவன் தன் நிழலைக்கூட உடன் அழைத்துப் போகாதவன். அண்ணி எப்போதாவது நானும் வரேன் என்றால், "அங்க வெயிலும் தூசியும்தான் இருக்கு, உனக்கு மூச்சு வாங்கும்" என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடுவான். இந்தத் தடவை அண்ணி என்னை அனுப்பியே தீருவேன் என்று நின்றாள். அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "வரட்டுமே, அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினான். என் மாறுதலைப் பற்றி அவன் கவலைப்பட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

அண்ணன் வைத்திருப்பது ஃபாசில் கடை. கல்லாகிப்போன சங்கு, கல்லாகிப்போன நத்தை, பாறையில் பதிந்த இலை, உள்ளே பளபளக்கும் மரத்துண்டு என்று கண்ணாடி அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருப்பான். பள்ளிக்கூடங்கள் வாங்கும். வீட்டு வரவேற்பறையில் எதை வைத்தால் விருந்தாளி வாயைப் பிளப்பான் என்று யோசிக்கிற வசதியான ஆட்கள் வாங்குவார்கள். சரக்கில் முக்கால்வாசி எல்லைக்கு அப்பால் இருக்கும் சுண்ணாம்புக்கல் குவாரிகளிலிருந்து வருவது. சங்கு, இலை மாதிரியான சாதாரணச் சாமான்களை அந்த நாட்டுக் கனிமத் துறை முத்திரை போட்டுக் கொடுத்துவிடும், தாராளமாகக் கொண்டுவரலாம். முதுகெலும்பு உள்ள எதையும், அது மீனாக இருந்தாலும் பல்லியாக இருந்தாலும், எடுத்துவரவே கூடாது. காசு கொடுத்து வாங்கியது என்று ரசீதை நீட்டினாலும் நடக்காது.

அண்ணன் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவன். ரொட்டிப் பெட்டிக்குள் கல்லாகிப்போன ஒரு பல்லியை வைத்துக் கொண்டுவந்து, சோதனைச் சாவடியில் கையும் களவுமாகப் பிடிபட்டான். கல்லைப் பிடுங்கிக்கொண்டு, கடை உரிமத்தை மட்டும் போனால் போகிறதென்று விட்டார்கள். அடுத்த தடவை உரிமமும் போகும், ஆளும் உள்ளே போவான் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அண்ணிக்கு நிம்மதி போயிற்று. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். கிளம்புகிற அன்று அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துல இருந்தா அவருக்குத் தப்பு பண்ண கை வராது. எதை வாங்கினாலும் நீ கண்ணால பாரு. அவரைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்துடு, அது போதும் எனக்கு."

அண்ணி ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கிறாள். நான் ஓர் ஏற்றுமதித் துணித் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் மேற்பார்வை பார்ப்பவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு சட்டையிலும் தையல் கோணியிருக்கிறதா, பொத்தான் தொங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்ப்பேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடிவதில்லை. "என்னை மட்டும் எப்படிம்மா பாஸ் பண்ணே?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அண்ணன் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடமாட்டான். "என்ன செக்கிங், சாப்பிட்டியா?" என்பான்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த முதல் நாள், அவன் பரிசுத்தமான மனிதனாக நடந்துகொண்டான். குவாரி ஓரத்துக் கடையில் சங்குகளைப் பொறுக்கினான், இலைகளைப் பொறுக்கினான். கடைக்காரர் ஒவ்வொரு கல்லையும் நாக்கால் தொட்டுப் பார்த்து "அசல்" என்றார். எனக்குக் குமட்டியது. வாங்கியதையெல்லாம் நேராகக் கனிமத் துறை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் முத்திரை வாங்கினான். வரிசையில் இடித்துக்கொண்டு முன்னே போகாமல் தன் முறை வரும்வரை நின்றான். அவன் வரிசையில் நின்று நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு ஒழுக்கம் ஒரே நாளில் எங்கிருந்து வந்தது என்று என் மனசு குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடைபெற்றுக்கொள்வதற்காக அதே கடைக்குப் போனோம். அண்ணனும் கடைக்காரரும் பின்கட்டுக்குள் போனார்கள். திரும்பி வரும்போது அண்ணன் அக்குளில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பலகைக் கல் இருந்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

"என்னது?"

"சும்மா ஒரு அலங்காரக் கல்லு. கடை வாசல்ல வைக்கலாம்னு."

"பிரி, பாக்கறேன்."

"நடுரோட்டுலயா? ரூமுக்குப் போய்ப் பாத்துக்கோயேன், எங்க ஓடிப்போகப் போகுது."

ரூமுக்குப் போனதும் அவன் தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டான். பிள்ளைகளுக்கு எதுவும் வாங்கவில்லையே, கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வாயேன், அவசரமில்லை, மெதுவா வா என்றான். மெதுவாக வா என்று சொன்னது ஒன்று போதாதா? தெருமுனையில் கிடைத்த இரண்டு தலைப்பட்டைகளை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

அறைக் கதவு சாத்தியிருந்தது, ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. குளியலறைக் கதவும் பாதி திறந்துதான் கிடந்தது. அண்ணன் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தப் பலகைக் கல். பக்கத்தில் சோப்புப் பெட்டியில் குழைத்த பிளாஸ்டர், பள்ளிப் பிள்ளைகள் படம் வரைகிற வண்ண டப்பாக்கள், ஒரு தூரிகை. கல்லின்மேல் ஒரு மீன் இருந்தது. தடித்தடியாக முள், மரக்கலரில் செதில். அண்ணன் நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு, அந்த மீனுக்குக் கறுப்பில் கண் வரைந்துகொண்டிருந்தான்.

"அடப்பாவி!" என்றேன்.

தூரிகை அவன் கையிலிருந்து விழுந்தது. எழுந்து நின்றவன் கல்லை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். அந்த வயசில் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"போலி பண்றியா? இதைத்தான் அசல்னு சொல்லி யார் தலையிலயாவது கட்டப் போறியா?"

"ஒரு டாக்டர் ரொம்ப நாளா மீன் கேட்டுட்டிருக்கார்" என்று முணுமுணுத்தான். "நிஜ மீனைக் கொண்டுபோக முடியாதுன்னு உனக்கே தெரியும். நான் என்ன பண்ணட்டும்? அண்ணிகிட்ட சொல்லிடாத."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத புத்தி, டாக்டரை ஏமாற்றிப் பிழைக்கிற பிழைப்பு, பெண் பிள்ளைகளைப் பெற்றவன் என்று வரிசையாக ஆரம்பித்து, கடைசியில் கல்லாகிப்போன மீனுக்கு எந்த ஊரிலாவது கண் இருக்குமா, செய்கிற திருட்டையாவது ஒழுங்காகச் செய்யக்கூடாதா என்று முடித்தேன். அவன் எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்றும் இருந்தது, அதை மறைப்பானேன். போலி மீனுக்காக எந்தச் சாவடியிலும் யாரையும் உள்ளே தள்ளமாட்டார்கள். அவனைக் கொண்டுபோய் அண்ணியிடம் சேர்த்துவிட்டு, டாக்டர் வீட்டு முகவரியைத் தேடிப் போய் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை பஸ் எங்களைச் சாவடியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து எல்லாரும் நடைதான். முதலில் அந்த நாட்டுச் சாவடி, அதற்கப்புறம் ஆற்றுப் பாலம், பாலத்தைத் தாண்டினால் நம் நாட்டுச் சாவடி. தகரம் அடித்த நீள மேஜைக்குப் பின்னால், இடுப்பில் சாவிக்கொத்துத் தொங்க ஓர் அதிகாரி நின்றிருந்தார். சங்குகளின் முத்திரையைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார், போகலாம் என்று தலையசைத்தார். அப்புறம் செய்தித்தாள் பொட்டலத்தைத் தட்டி, "இதுல என்ன?" என்றார்.

அலங்காரக் கல் என்று அண்ணன் சொல்லுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"மீன் ஃபாசில் சார். அசல். பல லட்சம் வருஷம் பழசு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரிடம் விடப்போகிற புளுகை இங்கேயே ஒத்திகை பார்க்கிறானா, இல்லை புத்திதான் பேதலித்துவிட்டதா என்று புரியவில்லை.

"மீனா? மீனைக் கொண்டுபோகக் கூடாதே. அனுமதி இருக்கா?"

"அது... கடைக்காரர் வாங்கித் தரேன்னு சொன்னார் சார். அசல் சரக்கு சார், சும்மா இல்ல."

அதிகாரியின் முகம் மாறியது. கணினியில் அண்ணனின் பாஸ்போர்ட்டைத் திரும்பவும் தட்டிப் பார்த்தார். பழைய பல்லிக் கதை அதில் இருந்திருக்க வேண்டும். "நீங்க ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியிருக்கீங்க போலிருக்கே" என்றபடி மேஜைமேல் இருந்த தொலைபேசியை எடுத்தார். ஒரு வெத்து மீனுக்காக, வீம்புக்குப் பேசி, இவன் கம்பி எண்ணப் போகிறான். நான் வீட்டில் போய் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்?

"சார், சார்! போனை வைங்க. அது அசல் இல்ல. போலி."

"நீங்க யாரு?"

"இவன் தங்கச்சி. நேத்து இவன் பாத்ரூம்ல உக்காந்து இதைப் பண்றதை என் ரெண்டு கண்ணால பாத்தேன். பிளாஸ்டர், கலர், எல்லாம் இவன் கைவேலை. கண்ணு வரைஞ்சிருக்கான் பாருங்க சார், கண்ணு! எந்தக் கல்லு மீனுக்கு சார் கண்ணு இருக்கும்?"

"வாயை மூடு" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"மூடமாட்டேன். சார், இவன் ஒரு டாக்டரை ஏமாத்தறதுக்காக இதைக் கொண்டுபோறான். மத்தபடி இது வெறும் பிளாஸ்டர். சத்தியமாச் சொல்றேன்."

அதிகாரி என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து, சாவி ஒன்றால் மீனின் வாலைச் சுரண்டினார். வெள்ளையாகப் பிளாஸ்டர் உதிர்ந்தது. அப்புறம் கண்ணைப் பார்த்தார். உதடு துடித்தது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க வாய்யா. மீன் நம்மளையே முறைச்சுப் பாக்குது."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "உங்க தங்கச்சி கால்ல விழுந்து கும்பிடுங்க" என்று அண்ணனிடம் சொல்லி, கல்லை அவன் பக்கம் தள்ளிவிட்டார் அதிகாரி. அண்ணன் காது மடல் வரை சிவந்து, பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்தான். அவனைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் நான் பின்னால் போனேன்.

பாலத்தில் கூட்டம் தேங்கி நின்றது. எதிர்ச் சாவடியில் ஒரு நேரத்தில் சில பேரைத்தான் உள்ளே விடுகிறார்களாம். கைப்பிடிச் சுவரோரம் மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்களும் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தோம். என் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

"என்னத்துக்குடா அசல்னு சொன்னே? ஜெயிலுக்குப் போக அவ்வளவு ஆசையா?"

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயோரத்தில் ஏதோ ஒன்று நெளிந்தது, அதைச் சிரிப்பு என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

"இந்தக் கைவேலையை வெச்சுக்கிட்டா ஒரு டாக்டரை ஏமாத்தப் போறே? எங்க கம்பெனியில எல்லாம் இது முதல் மேஜையிலயே ரிஜெக்ட். இரு, காட்டறேன்."

தொழிற்சாலையில் சாயம் நிற்குமா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்ப்போம். துணியில் கறை படிந்தால் பீஸ் தேறாது. என் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கிடக்கும். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதை நனைத்து, பொட்டலத்தைப் பிடுங்கி, மீனின் வயிற்றில் வைத்துத் தேய்த்தேன். "ஏய், வேண்டாம், விடு" என்று அண்ணன் கையை நீட்டினான். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டு தேய்த்தேன்.

மரக்கலர் வழிந்து துணியெல்லாம் கறையாயிற்று. "பாரு, பாரு" என்றேன். அதன் கீழே பிளாஸ்டர் குழைந்து, தயிர் மாதிரி விரலோடு வந்தது. அதற்கும் கீழே என் விரல் வழுக்கிற்று. அங்கே வேறு ஒன்று இருந்தது.

கருந்தேன் நிறத்தில், வழவழவென்று, நூல் பிடித்ததுபோல முட்கள். ஒவ்வொரு முள்ளும் நுனியில் மயிரிழையாகி முடிந்தது. அவற்றின்மேல் செதில்கள், ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி, ஒரு இடத்தில்கூட இடைவெளி பிசகாமல். நான் வருடக்கணக்காக இயந்திரத் தையலும் கைத்தையலும் பார்க்கிறவள். மனுஷக் கை எங்கே களைத்துப்போகும், எங்கே அவசரப்படும் என்று எனக்குத் தெரியும். இதில் எங்கேயும் களைப்பு இல்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அழகா இருக்குல்ல?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. தாழ்ப்பாள் போடாத கதவு. மெதுவா வா என்று சொன்னது. வேண்டுமென்றே கோமாளித்தனமாக வரைந்த கண். அசல் என்று நெஞ்சை நிமிர்த்தியது. கடத்துகிறவன் எவனாவது அசல் என்று தானாகச் சொல்வானா என்று அந்த அதிகாரி நினைத்திருப்பார். கூடவே வந்தவள் அண்ணனையே காட்டிக்கொடுக்கிறாள், அவள் முகத்தில் பொய் இல்லை. வேறென்ன வேண்டும்? என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். நான் அவனைச் சந்தேகப்படுவேன் என்பதை நம்பித்தான் என்னைக் கூட்டியே வந்திருக்கிறான்.

"என்னை வெச்சுத்தான் கடத்தினியா?"

"மெதுவாப் பேசு. நீ ஒரு தப்பும் பண்ணலையே. உனக்குத் தெரிஞ்சதைச் சொன்னே, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தா உனக்குச் சொல்ல வந்திருக்காது. பொய் சொன்னா உனக்குத் திக்கும், சின்ன வயசுலேர்ந்து." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இன்னும் ஒரு சாவடிதான். அங்க சொன்னதையே இங்கயும் சொல்லிடு."

"அங்க நான் உண்மையைச் சொன்னேன்."

"அதே வார்த்தைதானே?"

அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டிருப்பேன், கூட்டம் இருந்தது. திரும்பிப் போய் அந்த அதிகாரியிடமே கல்லைக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். "போ. அங்கயே என்னை உள்ள வெச்சுடுவாங்க. உங்க அண்ணிகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றான். கால் நகரவில்லை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே கல்லை நீட்டினேன். கீழே ஆறு சேறும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. விட்டுவிட்டால் மீனும் இல்லை, குற்றமும் இல்லை, அண்ணன் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான்.

"ஐயோ, அதை மட்டும் பண்ணாத" என்று அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "விக்கறதுக்கு இல்ல இது. டாக்டரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. எனக்கே எனக்கு. பாத்ததும் விட்டுட்டு வர மனசு வரல."

நான் நம்பவில்லை. அவன் கண் கலங்கியிருந்ததையும் நம்பவில்லை. ஆனால் அந்தச் செதில்களை ஆற்றில் போட எனக்கும் மனசு வரவில்லை. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். அவன் இரண்டு தடவை வாங்கப் பார்த்தான், நான் கொடுக்கவில்லை.

இந்தப் பக்கத்துச் சாவடியில் ஒரு பெண் அதிகாரி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். என் கையிலிருந்த கல்லை மேஜைமேல் வைக்கச் சொன்னார். ஈரம் காயாத மீன், பாதி உடம்பு பொம்மையாகவும் பாதி உடம்பு அசலாகவும் கிடந்தது. கண் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது.

"என்ன இது?"

அண்ணன் முந்திக்கொண்டான். "பொம்மை மேடம். பிளாஸ்டர்ல செஞ்சது. வேணும்னா என் தங்கச்சியையே கேளுங்க. அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, எனக்காக ஒரு பொய் சொல்லமாட்டா." என் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான்.

அந்தத் தட்டுதான் கெடுத்தது. நியாயத்துக்காகச் சொன்னேன் என்று இன்றைக்கு நான் ஜம்பம் அடித்துக்கொள்ளலாம், கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். நிஜத்தில் எனக்கு அண்ணியும் நினைவில் இல்லை, பிள்ளைகளும் நினைவில் இல்லை. என்னை மறுபடியும் வாடகைக்கு விடுகிறானே என்ற ஆத்திரம் ஒன்றுதான் இருந்தது.

"நிஜ மீன் மேடம்" என்றேன். "மேல இருக்கறது மட்டும்தான் பிளாஸ்டர்."

அண்ணனின் கை என் தோளிலேயே நின்றுவிட்டது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்துச் சாவடிக்குத் தொலைபேசியில் பேசினார். "ஆமா, மீன்... ஆமா, ஒரு ஆணும் பெண்ணும்..." என்று ஆரம்பித்தவர், கேட்கக் கேட்க என்னைப் பார்க்கத் தொடங்கினார். தொலைபேசியை வைத்தபோது அவர் பார்வை அண்ணன்மேல் இல்லவே இல்லை.

"இவர் அங்க அசல்னுதான் சொன்னாராம். போலின்னு சத்தியம் பண்ணி வெளியில கொண்டுவந்தது நீங்களாம்."

"எனக்கு அப்ப தெரியாது மேடம்."

"பாலத்தைத் தாண்டறதுக்குள்ள தெரிஞ்சிடுச்சா?"

"தேய்ச்சுப் பாத்தேன். துணியால."

"எந்தத் துணி?"

எடுத்துக் காட்டினேன். துணி முழுக்க மரக்கலர். என் விரல் இடுக்குகளில், நகக்கண்ணில், முந்தானையில் எல்லாம் அதே நிறம். அண்ணன் கை சுத்தமாக இருந்தது. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். "துணி கம்பெனி. சாயம் பத்தி எல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றார். கல்லைக் கையில் தூக்கி வந்தது யார் என்று கேட்டார். நான்தான். அண்ணனிடம் கொடுக்க மறுத்தது யார்? வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஆள் அதையும் பார்த்திருந்தான், கேட்காமலே சொன்னான். நான் ஒவ்வொரு பதிலையும் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது கைதேர்ந்த புளுகாகக் கேட்டது. என் மேஜைக்கு இப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் நானே தூக்கி எறிந்திருப்பேன்.

"மாட்டிக்குவோம்னு பயந்து கடைசி நேரத்துல அண்ணன் மேல பழியைப் போடறீங்க, அப்படித்தானே?"

நான் பொய் சொல்லவில்லை என்பது உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் என் பக்கத்தில் வாயே திறக்காமல் நின்றிருந்தான். வெளிக்கதவு திறந்திருந்தது. அதற்கப்பால் எங்கள் ஊர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணனின் கண் ஒருமுறை அந்தப் பக்கம் போய்விட்டு வந்ததைப் பார்த்தேன். இவன் போய்விடுவான். என்னை இங்கே விட்டுவிட்டுப் போய், அண்ணியிடம் ஒரு கதை சொல்லி, அழுதும் காட்டுவான்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. இந்தக் கல்லு யாரோடது?"

அவளோடது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் மேஜைமேல் கிடந்த மீனைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

"என்னுது மேடம்" என்றான். "வாங்கினது நான். பூசினது நான். அவ பாக்கணும்னே கதவைத் திறந்து வெச்சேன், அவ கத்தணும்னே அசல்னு சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ சொன்னது அத்தனையும் நிஜம். அங்க சொன்னதும் நிஜம், இங்க சொன்னதும் நிஜம்."

அவன் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், யாரையும் எதையும் நம்பவைக்கிற எண்ணமே இல்லாமல் பேசினான். அதனாலோ என்னவோ அது கொஞ்சம்கூட எடுபடவில்லை. அதிகாரி சலிப்போடு நாற்காலியில் சாய்ந்தார்.

"அங்க அசல்னு சொன்னீங்க. இங்க வந்து பொம்மைன்னு சொன்னீங்க. இப்ப தங்கச்சிக்குத் தெரியாதுங்கறீங்க. ஏற்கெனவே ஒரு தடவை மாட்டினவர் வேற." அவர் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. இவர் ஒரு ஏமாத்துக்காரர்னு ரெண்டு சாவடியிலயும் சொன்னது நீங்கதான். இப்ப இவர் பேச்சை நான் நம்பணுமா?"

நம்பினால் நான் வெளியே போகலாம், அவன் உள்ளே போவான். நம்பாவிட்டால் இரண்டு பேருமே உள்ளே. அண்ணன் என்னைப் பார்த்து, சொல்லு என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

"நம்புங்க மேடம்" என்றேன். "எங்க அண்ணன் பொய் சொல்லமாட்டான்."

ஒரு வார்த்தைகூடத் திக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து, உட்காருங்கள் என்று அவனுக்கு மட்டும் உள்ளே இருந்த பெஞ்சைக் காட்டினார். அண்ணன் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.